மழைக்கு மழை ஒரு புதுச் சீலை

நனைந்த சீமெந்துப் பைக்கு ஒரு மணம் இருக்கிறது. அடுப்புச் சாம்பலில் தண்ணீர் தெளித்ததுபோல, ஆனால் அதைவிடக் குளிர்ந்த, தொண்டையில் மெல்ல உரசுகிற மணம்.

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் புது வீடு எழும்புகிற காணியில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மேசன்மார் குழைத்த சாந்தை மூட ஓடினார்கள். வெறும் பைகள் வேலியோரம் நனைந்து கிடந்தன. சீனி வாங்கப் போன நான் குடையைச் சரித்துப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன்.

"என்னக்கா, பை வேணுமோ? எடுத்துக்கொண்டு போங்கோ" என்றான் ஒரு இளந்தாரி. வீட்டுக்கு வந்தபோது என் கையில் ஒரு பை இருந்தது. சீனி இல்லை.

முன்பொரு முறை கிணற்றடியைப் பற்றி இங்கே நான் எழுதிய பிறகு ஒரு வாசகி கேட்டிருந்தார், உங்கள் நினைவுகளில் ஏன் எப்போதும் மழை பெய்துகொண்டே இருக்கிறது என்று. யோசித்துப் பார்த்தேன். வெயில் நாட்களில் நாங்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மழை நாட்களில்தான் நேரம் கிடைத்தது. பதில் அவ்வளவுதான்.

மழை இருட்டு

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு நடு அறை. குளிர்ந்த நிலத்தில் குப்புறப் படுத்துக்கிடக்கும் இரண்டு பிள்ளைகள். கால்கள் மேலே, ஒன்றையொன்று உதைத்தபடி. ஓட்டில் மழை. இருவருக்கும் நடுவில் விரித்த ஒரு சீமெந்துப் பை, சுற்றிவர நிறம் கரைத்த சிரட்டைகள்.

பெரியவள் சுகி, ஏழு வயது. சின்னவன் தீபனுக்கு நான்கு நடந்துகொண்டிருந்தது. என் அக்காவின் பிள்ளைகள். அத்தான் முதலில் கனடாவுக்குப் போனார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார். கூட்டிப்போகிறவன் பெரிய ஆட்களை மட்டும்தான் கொண்டுபோவேன், பிள்ளைகளைப் பிறகு பார்ப்போம் என்றானாம். ஆறு மாதத்தில் எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு அக்கா போனாள். ஒரு மாரி போய், இன்னொரு மாரி போய், மூன்றாவது மாரியும் வந்து ஓட்டில் இறங்கியிருந்தது.

எங்கள் ஊரில் அப்போது மழை நாளுக்கு ஒரு தனி மரியாதை. முகில் கறுத்து இறங்கினால் பொம்மர் வராது என்று எல்லோரும் நம்பினோம். ஷெல்லுக்கு மழையும் தெரியாது வெயிலும் தெரியாது, அது வேறு கதை. ஆனால் குண்டு போடுகிற விமானத்துக்குக் கண் தெரிய வேண்டும். விடிய எழும்பி வானத்தைப் பார்த்து, "இண்டைக்கு நல்ல இருட்டு" என்று என்னைப் பெற்ற ஐயா சொன்னால் வீட்டுக்குள் ஒரு மூச்சு இறங்கும். தோட்டத்துக்குள் வெள்ளம் நிற்கிறதே என்ற கவலையும் அதே மூச்சில்தான் இருக்கும்.

ஆனால் மழைக்கு இன்னொரு வாய் இருந்தது. முற்றத்துப் பங்கர் நிரம்பிவிடும். மண்மூட்டை அடுக்கிய அந்தக் கிடங்கு ஒரே பொழுதில் கிணறாகிவிடும். உள்ளே தவளை கத்தும். தவளையைப் பார்க்க வேண்டும் என்று தீபனுக்கு உயிர் போகும். ஒரு முறை விளிம்பில் நின்றவனைச் சட்டையில் பிடித்து இழுத்தேன். அதன்பிறகு மழை என்றால் கதவு பூட்டு. பூட்டிய கதவுக்குள் இரண்டு பிள்ளைகளை நாள் முழுக்க வைத்திருப்பது எப்படி என்பதுதான் என் அன்றாடப் பரீட்சை.

தீட்டத் தொடங்கியது அப்படித்தான். முதலில் பூனை, பிறகு பூசணிக்காய், பிறகு ஐயாவின் சைக்கிள். அக்கா படத்துக்குள் பிறகுதான் வந்தாள்.

காட்ட வேண்டிய ஆள்

அக்கா போகும்போது தீபன் சுவரைப் பிடித்து நடக்கிறவன். கதைக்கப் பழகியது என் மடியில். முதல் சொல்லை எனக்குத்தான் சொன்னான். அது "அம்மா."

திருத்தாமல் இல்லை. திருத்தினேன். சிரித்துக்கொண்டு திருத்தினேன். அவன் சொல்லைக் கேட்கவில்லை, சிரிப்பைத்தான் கேட்டான்.

சுகி விடமாட்டாள். அவன் என்னை அம்மா என்று கூப்பிடும் போதெல்லாம் தலையில் ஒரு குட்டு. "விசரா, உவ சின்னம்மா. அம்மா கனடாவிலை." அவனுக்குக் கனடா என்பது தெல்லிப்பழைக்கு அங்கால் இருக்கிற ஏதோ ஓர் ஊர். ஏன் அந்த அம்மா பின்னேரம் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்பான்.

அக்காவின் கடிதங்கள் எங்கெங்கோ சுற்றி, யார் யாரோ பிரித்துப் பார்த்து, வந்து சேரும். மூன்றாம் மாரிக்கு வந்ததில் எழுதியிருந்தாள்: அலுவல்கள் சரிவந்துவிட்டன, பிள்ளைகள் கெதியில் வரலாம். அதற்குக் கீழே, எழுத்து சற்றுச் சரிந்து: "என்னைக் கண்டு ஆரெண்டு கேப்பானோ எண்டு பயமாக் கிடக்கு. நீதான் என்னை அவனுக்குக் காட்ட வேணும்."

எதைக் காட்டுவது? கலியாண அல்பத்தை, புருசன் பெண்சாதி என்று அங்கே காட்ட வேண்டுமென்று அவளே கொண்டுபோய்விட்டாள். வீட்டில் மிஞ்சியது கடவுச்சீட்டுக்கு எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பெருவிரல் அகலம். படம் எடுத்தவர் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டதால், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ திட்டியதுபோல இருப்பாள்.

அதைப் பார்த்து நான் பெரிதாக வரைந்தேன். பிள்ளைகள் தீட்டினார்கள்.

நிறம் செய்த கதை

நிறப்பென்சில் என்பது அப்போது சொல்லிச் சிரிக்கிற பொருள். ஊருக்குச் சாமான் வரத் தடை, சவுக்காரமே இல்லை. கடதாசி எனக்குப் பரணில் கிடைத்தது. ஐயா எப்போதோ ஓர் அறை கட்டத் தொடங்கி, சீமெந்து வருவது நின்றதோடு அறையும் சுவர் பாதியில் நின்றுவிட்டது. வெறும் பைகளை மட்டும் உதறி மடித்து வைத்திருந்தார். என்றைக்காவது உதவும் என்று. ஐயா எதையும் எறியமாட்டார்.

மஞ்சள் குசினியில் இருந்தது. கறுப்பு அடுப்பில். அகத்தியிலையை அம்மியில் வைத்து அரைத்தால் பச்சை, கூடவே ஒரு பச்சை மணம். வேப்பங்குச்சியின் நுனியைச் சப்பி எடுத்தால் தூரிகை. பல் தீட்டுகிற குச்சிதானே என்று தீபன் அதைத் தீட்டுகிற நேரமும் வாயில் வைப்பான். கசக்கும். முகம் கோணும். மறுபடி வைப்பான்.

எத்தனை உதறினாலும் பையில் கொஞ்சம் சீமெந்துத் தூள் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்த இடத்தில் மஞ்சள் பட்டால் சிவந்துபோகும். முதல் நாள் அதைக் கண்டு மூவரும் பையின் மேல் குனிந்தோம். தீபன் அக்காவின் முகம் முழுக்க மஞ்சள் பூசியிருந்தான். ஒரு கன்னம் மட்டும் மெல்ல மெல்லச் சிவந்துகொண்டு வந்தது.

"அம்மா வெக்கப்படுறா" என்றாள் சுகி.

இனிச் சீலை. அம்மா போகேக்க கத்தரிப்பூச் சீலை உடுத்தவ என்று சுகி அடித்துச் சொன்னாள். எனக்குப் பச்சை என்று ஞாபகம். ஆனால் படலையடியில் தாயின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். அவள் சொன்னால் சொன்னதுதான். கத்தரிப்பூ நிறத்துக்கு வேலியில் படர்ந்த பசளிக்கீரைக் கொடி இருந்தது. மிளகளவு கறுத்த பழம். நசித்தால் விரல், நகம், சட்டை, எல்லாம் ஊதா. குருவிகளுக்கும் அதுதான் விருப்பம். எங்களுக்கும் குருவிகளுக்கும் எப்போதும் போட்டி.

பசளிச் சாயம் நிற்காது. இரண்டு வெயில் கண்டால் வெளிறி, மண் நிறமாகி, அக்கா பழஞ்சீலை உடுத்த ஏழைபோல ஆகிவிடுவாள். அடுத்த மழைக்கு அதன் மேலேயே மறுபடி தீட்டுவோம். மழைக்கு மழை அக்காவுக்கு ஒரு புதுச் சீலை. எந்தப் புருசன் வாங்கித் தருவான் என்று நான் பகிடி விடுவேன். பிள்ளைகளுக்கு விளங்காது. நானே சிரித்துக்கொள்வேன்.

ஐயாவின் கண்ணாடி

ஒரு தடங்கல் வந்தது. படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, இது ஆர் என்று தீபனைக் கேட்டேன். அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இது நீங்கள்."

தவறு அவனுடையதல்ல. அக்காவும் நானும் ஒரே அச்சு. அதிலும் வரைந்த கை என்னுடையது. கை தனக்குத் தெரிந்த முகத்தைத்தான் வரைந்திருக்கிறது. கடவுச்சீட்டுப் படத்தில் கண்ணாடி இல்லாததால் வித்தியாசம் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே கரியெடுத்து அக்காவுக்கு ஒரு கண்ணாடி போட்டேன். பெரிய வட்டக் கண்ணாடி, அவள் போடுகிறது போலவே. அவனைத் தூக்கி வைத்து விரலால் தொடப் பண்ணினேன். கண்ணாடி போட்ட ஆள் அம்மா. போடாத ஆள் சின்னம்மா. வடிவாப் பார்.

அவன் வடிவாகத்தான் பார்த்தான்.

அடுத்த மழைக்கு, பின்னேரம், நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஐயாவின் கண்ணாடியை என் மூக்கில் கொண்டுவந்து வைத்தான். ஒரு பக்கக் காம்புக்கு நூல் கட்டியிருந்த கண்ணாடி. முன்னால் வந்து நின்று, தலையைச் சரித்துப் பார்த்து, மேசன் மட்டம் பார்ப்பதுபோல இன்னும் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டான்.

"இப்ப சரி, அம்மா."

ஐயாவின் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் எல்லாம் கரைந்து தெரியும். சுளகு, அரிசி, யன்னலுக்கு வெளியே மழை, அவனுடைய முகம். நான் அதைக் கழற்றவில்லை. கழற்றியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடியோடேயே அரிசி புடைத்தேன். அவன் பக்கத்தில் இருந்து அம்மா, அம்மா என்று காரணமில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் ஓம் சொன்னேன்.

சுகி வந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். குட்டக்கூட இல்லை.

அம்மாவுக்கு மழை

பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து விமானத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர் மாமி. அத்தானின் தமக்கை, எங்கள் பக்கத்துக் கொழும்புத்துறைக்காரி, வாய் பெரிது, மனமும் பெரிது. மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில், எல்லாம் ஆயத்தம் என்று சொல்ல வந்தார். வந்தவர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

படத்தில் அக்காவின் தலைக்கு மேல் வானம் முழுக்கக் கரி. தீபன் அப்பி அப்பி, பை பொத்தலாகும் வரைக்கும் தேய்த்திருந்தான். நானும் கவனித்திருந்தேன். சின்னப் பிள்ளையின் கைவேகம் என்று விட்டிருந்தேன்.

"உதென்ன கோலமடா? பெத்த தாய்க்கு மேல ஆரும் கரியைக் கொண்டுவந்து அப்புவினமே? வானத்துக்கு நீலம் தீட்டன், ராசா" என்றார் மாமி.

வெள்ளை உடுப்புக்குப் போடுகிற நீலம் ஒரு சரையில் இருந்தது. அவன் அதை ஒரு நாளும் தொட்டதில்லை.

"நீலமெண்டால் பொம்மர் வரும்" என்றான். "அம்மாவுக்கு நான் மழை போட்டிருக்கிறன்."

மாமி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். முகத்தில் மழைத்தண்ணீர் இல்லை. பிறகு கீழே இருந்து, அங்கே பொம்மர் வராது, பனிதான் கொட்டும், வெள்ளை வெளேரென்று நிலமெல்லாம் மூடும் என்று கதை சொன்னார். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"எங்களிட்டை வெள்ளை இல்லை" என்றான்.

போகும்போது மாமி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். "பிள்ளை, மழை கொஞ்சம் விட்டதும் வெளிக்கிடுவம். அதுக்குள்ள உவனைப் பழக்கிப்போடு. அங்கை வந்து உன்னைக் கேட்டழுதான் எண்டால், பெத்தவள் தாங்கமாட்டாள்."

பெறாதவளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளினேன்.

பழக்கிய நாட்கள்

அதன்பிறகு பெய்த மழைகள் எல்லாம் பள்ளிக்கூடம் ஆயின.

அவன் அம்மா என்று கூப்பிட்டால் நான் திரும்பமாட்டேன். கையை மட்டும் சுவர்ப்பக்கம் நீட்டுவேன். தண்ணி வேணும் அம்மா என்பான். கையை நீட்டுவேன். கால் தடுக்கி விழுந்து அம்மா என்று அழுதால், அதற்கும் கையை நீட்டினேன். முழங்காலில் இரத்தத்தோடு அவன் எழும்பிப் போய்ச் சுவரடியில் நின்று, மஞ்சள் முகமும் ஒரு கன்னம் சிவப்புமான அந்தக் கடதாசியை அண்ணாந்து பார்த்தான். அது குனியவில்லை. நான் குசினிக்குள் போய் மிளகாய் அரைத்தேன். மிளகாய் அரைத்தால் கண்ணுக்குக் காரணம் கேட்கமாட்டார்கள்.

சின்னம்மா என்ற சொல்லை மட்டும் அவன் சொல்லவே இல்லை. எப்படிக் கேட்டாலும் இல்லை. அம்மா என்றால் நான் திரும்பமாட்டேன் என்று கண்டதும், எதுவுமே சொல்லாமல் வந்து என் சட்டையைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான். எனக்குப் பெயரில்லாமல் போன நாட்கள் அவை.

கடைசி மழைக்குச் சீலையை மறுபடி தீட்டத் தொடங்கினார்கள். பசளி போதவில்லை. பழுத்ததைக் குருவிகள் கொத்திவிட்டிருந்தன, மிச்சம் பச்சைக் காய். தலைப்பும் தோளும் மட்டும் புது ஊதா. கொசுவம் பழைய மண் நிறத்திலேயே நின்றது. பழுக்கட்டும், பிறகு தீட்டலாம் என்றேன்.

மழை விட்டுவிட்டது.

குருவிகள்

பிள்ளைகள் கனடா போய்ச் சேர்ந்து மாதங்கள் கழித்து, அக்கா எழுதினாள். விமான நிலையத்தில் தீபன் அவளுக்கு முன்னால் வந்து நின்றானாம். அவள் குனிந்தபோது இரண்டு விரலால் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தானாம். பிறகு அம்மா என்றானாம். "நீ அவனை நல்ல வடிவாப் பழக்கியிருக்கிறாய்" என்று எழுதியிருந்தாள். அந்த வரியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். நன்றியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

படத்தை நான் சுவரிலிருந்து எடுக்கவில்லை. பிறகு எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் சண்டைக்குத் தப்பிக் கொட்டுகிற மழையில் எழும்பி நடந்தபோது நாங்களும் நடந்தோம். அரிசி, ஐயாவின் மருந்து, இரண்டு பாய். கடதாசியை மழைக்குள் கொண்டுபோவது எப்படி என்று ஒரு கணம் நின்றேன். திரும்பி வந்தபோது கூரை இல்லை. சுவர் இருந்தது. சுவரில் பாசி இருந்தது.

தீபனுக்கு இப்போது தாடி. வருசத்துக்கு ஒரு முறை, அக்கா பக்கத்தில் நின்று நினைவூட்ட, தொலைபேசியில் சுகம் விசாரிப்பான். மரியாதையான பிள்ளை. சின்னம்மா, சின்னம்மா என்று வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லுவான். அந்தச் சொல்லில் ஒரு குறையும் இல்லை. சண்டிலிப்பாய் மழையோ வேப்பங்குச்சியோ அவனுக்கு ஞாபகமில்லை. நான்கு வயதில் நடந்தது யாருக்குத்தான் ஞாபகம் நிற்கும்?

போன கிழமை கொண்டுவந்த அந்தச் சீமெந்துப் பை இப்போது என் அறையில் காய்ந்துகொண்டிருக்கிறது. இந்த வீட்டு வேலியிலும் பசளி படர்கிறது. பழுக்கிற காலத்தில் குருவிகள் வரும். கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுப் போய்க் கைதட்டிக் கலைப்பேன். நான் பசளிப்பழத்தை எதற்கும் பாவிப்பதில்லை. பிறகு ஏன் கலைக்கிறாய் என்று அக்கம்பக்கத்தார் என்னிடம் கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டார்கள்.

பிள்ளைகள் வெளிக்கிட்ட காலையில் வானம் கழுவிவிட்டதுபோல நீலமாய் இருந்தது. எல்லோரும் அவசரப்பட்டோம். ஒழுங்கை முகப்பில், பின்னால் பலகைத் தட்டி இருக்கிற தட்டி வான் நின்றது, மண்ணெண்ணெய்ப் புகை கக்கியபடி. அது பஸ் நிலையம் மட்டும் போகும், பிறகு கிளாலித் துறைக்கு, பிறகு வள்ளத்தில் கடல். நான் கூடப் போக முடியாது. ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்பது அப்போது ஊரை ஆண்ட இயக்கத்தின் விதி, நான் நின்றிருந்தேன்.

சுகி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். தீபன் அழவில்லை. மாமி அவனைத் தூக்கித் தட்டியில் இருத்தினார். அவன் மேலே நீலத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எங்கள் வேலியைப் பார்த்தான். வான் உறுமி நகர்ந்தது. ஏதோ பெரிய அலுவலை மறந்துவிட்டவன்போல அவன் அவசரமாக எட்டிக் கூப்பிட்டான். அதுவரைக்கும் ஒரு நாளும் சொல்லாத சொல்லால் கூப்பிட்டான்.

"சின்னம்மா, பழத்தைக் குருவி தின்ன விடாதேங்கோ. அம்மான்ரை சீலை மிச்சம் கிடக்கு."